களிம்பும் காயமும்: பழங்காசின் மேற்பரப்பைப் படித்து மதிப்பைக் கணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு வீடுகளில் ஒரு பழைய செப்புக் காசு கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், புளியும் உப்பும் வைத்துத் தேங்காய் நாரால் தேய்ப்பது. பித்தளைக் குடத்துக்கு அது சரி. காசுக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை. புளியின் அமிலம் பச்சைக் களிம்பைக் கரைத்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு செம்பின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்குக் காசு பளபளவென்று இருக்கும்; அடுத்த மழைக்காலத்தில் வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கும்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த செம்பின் மேற்பரப்பு உலோகமாகவே இருப்பதில்லை. அது படிப்படியாகச் சிவப்பு ஆக்சைடாகவும் அதன்மேல் பச்சைக் கார்பனேட்டாகவும் மாறியிருக்கும். அச்சில் அடித்த வில், யானை, எழுத்து எல்லாம் இப்போது பதிந்திருப்பது அந்த மாறிய அடுக்கில்தான். களிம்பை அழுக்கென்று நினைத்துச் சுரண்டுகிறவர் எழுத்தையே சுரண்டுகிறார். பட்டினா என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இந்த அடுக்கைத்தான். காசின் விலையில் பெரும்பங்கு அதில் இருக்கிறது.

நிலத்தில் கிடைத்த காசு என்றால்

கிணறு வெட்டும்போதோ தோட்டத்தில் உழும்போதோ கிடைத்த காசாக இருந்தால் கழுவுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊரில் கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தொடங்குவது வழக்கம். குவியலாகக் கிடைத்தால் பானையையும் ஒட்டியிருக்கும் மண்ணையும் சேர்த்து அப்படியே வைத்திருங்கள். காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிய விதம், களிம்பில் பதிந்திருக்கும் துணியின் இழைத்தடம் ஆகியவை ஆய்வாளருக்குக் காசுக்கு நிகரான செய்தி.

கொங்குநாட்டின் ரோமானியக் காசுக் குவியல்கள் உலக அளவில் பேசப்படுபவை. 1842இல் வெள்ளலூரில் தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசுகள் 500க்கு மேல் கிடைத்தன. 1891இல் உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் கிடைத்தவை சுமார் 1,400. 1913இல் கத்தாங்கண்ணியில் 233. பெரும்பாலும் ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. எந்த ஊரில், எதனோடு கிடைத்தது என்ற குறிப்பு பத்திரமாக இருந்ததால்தான் இவற்றை வைத்து வணிக வரலாறு எழுத முடிந்தது.

விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு பழமையான நாணயம் தொல்பொருள்; தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே வெளிநாட்டு ஏலத்தில் டாலரில் பார்த்த விலையை ரூபாயாக்கிக் கணக்குப் போடாதீர்கள். அது இங்கே கிடைக்கும் விலை அல்ல.

முதல் பத்து நிமிடம்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, சாய்த்து வைக்கக்கூடிய மேசை விளக்கு, பல்குத்தும் மரக்குச்சி, காட்டன் பட்ஸ், கெமிக்கல் கடையில் வாங்கிய தூய அசிட்டோன். இவ்வளவு போதும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

மேசைமேல் மெத்தென்ற துணியை விரித்து, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். இரண்டு பக்கமும், கூடவே விளிம்பையும் படமெடுங்கள். எடையைக் குறியுங்கள். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தெனாரியஸ் சுமார் 3.6 முதல் 3.9 கிராம் இருக்கும். சிறு முத்திரைகளை அடித்துப் பதித்த பழைய இந்திய வெள்ளிக் காசான (முத்திரைக் காசு) கார்ஷாபணம் 3.3 முதல் 3.5 கிராம் பக்கம் நிற்கும். எடை வெகுவாகக் குறைந்தால் தேய்மானம், அரிப்பு, உள்ளே செம்பு வைத்த பூச்சுக் காசு, வார்ப்புப் போலி ஆகிய நான்கில் ஒன்று. எடை மட்டும் தீர்ப்புச் சொல்லாது, எங்கே தேடவேண்டும் என்று காட்டும்.

செய்யக்கூடாதவை இரண்டு. சுண்டி ஓசை பார்க்காதீர்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு மாறியிருந்தால், சுண்டிய காசு கீழே விழுந்ததும் இரண்டாகப் போகும். அடுத்தது, தட்டானிடம் உரைகல்லில் உரசிப் பார்க்கக் கொடுக்காதீர்கள். விளிம்பில் விழும் அந்தப் பளபளப்பான கோடு எந்த நாளும் மறையாது. கோவையின் நகைக்கடைகளில் இருக்கும் காரட் மீட்டர் காசைத் தொடாமல் அளக்கும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை மட்டும்தான். மண்ணில் கிடந்த வெள்ளிக் காசின் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்து வெளியேறியிருப்பதால், உள்ளே இருப்பதைவிடச் சுத்தமான வெள்ளி என்று காட்டும். பூச்சுக் காசையும் நல்ல வெள்ளி என்று சொல்லிவிடும்.

பிறந்தபோதே இருந்த குறையா, பிறகு பட்ட காயமா

விலை போடுவதில் முதல் பெரிய பிரிவு இதுதான். புதியவர்கள் மிகுதியாக ஏமாறுவதும் இங்கேதான்.

கையால் சுத்தியலில் அடித்த காசில் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஒரு மூலை அழுத்தம் குறைந்து மங்கியிருக்கும். விளிம்பிலிருந்து உள்நோக்கி வெடிப்பு ஓடியிருக்கும். இரட்டை அடி விழுந்திருக்கும். இவை அச்சுக்கூடத்திலேயே நேர்ந்தவை. முகமும் எழுத்தும் தப்பியிருந்தால் விலை ஓரளவுதான் குறையும். பழங்காசைத் தரம்பிரிக்கும் என்ஜிசி நிறுவனம் அடியின் தரத்துக்கு ஐந்து, மேற்பரப்புக்கு ஐந்து என்று தனித்தனியாக மதிப்பெண் கொடுப்பதும் இந்தப் பிரிவை ஒட்டித்தான்.

பிறகு பட்டவற்றில் பல வகை. புழக்கத்தில் தேய்வது இயல்பு. அது உயர்ந்த இடங்களில் மட்டும், ஒரே சீராக இருக்கும். கீறல் என்றால் அதன் உள்நிறத்தைப் பாருங்கள். கீறலுக்குள்ளும் அதே களிம்பு படிந்திருந்தால் அது பழைய காயம். கண்ணை உறுத்தாது, விலையையும் அதிகம் கடிக்காது. கீறலுக்குள் செம்பின் இளஞ்சிவப்போ வெள்ளியின் வெண்மையோ தெரிந்தால் அண்மையில் பட்டது. மண்வெட்டி, கம்பி பிரஷ், இல்லாவிட்டால் அவசரக்காரர் ஒருவரின் கத்தி.

சில காயங்கள் வரலாறாகவே எண்ணப்படும். முத்திரைக் காசின் பின்புறம் சிறுசிறு குறிகளாக இருப்பவை சோதித்துப் பார்த்தவர்கள் இட்டவை என்று கருதப்படுபவை. அவற்றுக்காக யாரும் விலை குறைப்பதில்லை. இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் பேரரசரின் தலையின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி வெட்டுப்பட்டவை. நாணயமாக மறுபடி புழங்காமல் பொன்னாக மட்டும் எடைபோட வெட்டினார்கள் என்பது பலர் ஏற்கும் விளக்கம். வெட்டில்லாத காசைவிட விலை குறைவுதான். ஆனாலும் அந்த வெட்டு இது இந்தியாவில் புழங்கிய காசு என்பதற்குச் சான்றாவதால், நம் பகுதி வரலாற்றை விரும்புகிறவர் அதைத் தேடியே வாங்குவார். வெட்டின் உட்பகுதியும் மற்ற இடங்களைப்போல் மங்கிப் பழகியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

துளை வேறு கதை. காசுமாலையில் கோக்கத் துளையிட்டது, கொக்கி பற்றவைத்துப் பிறகு பிடுங்கியது, பற்றாசு (சால்டர்) தடவிய தழும்பு எல்லாம் விலையைக் கடுமையாக வெட்டும். எளிதில் கிடைக்கும் வகையானால் பாதிக்கு மேல் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துளையை உலோகம் வைத்து அடைத்து மறைத்த காசு அதைவிட மோசம். துளையை மன்னிக்கிறவர்கூட மறைத்ததை மன்னிப்பதில்லை. லூப்பில் பார்த்தால் அடைத்த இடத்தின் நிறமும் மணிமணியான தன்மையும் மாறித் தெரியும்.

செம்பின் களிம்பைப் படிப்பது

சீரான, மெல்லிய, கண்ணாடிபோல் வழவழப்பான பட்டினா கரும்பச்சையாகவோ ஆலிவ் நிறமாகவோ சாக்லேட் பழுப்பாகவோ இருந்தால் அதுவே முதல் தரம். அதன்மேல் உருவம் தெளிவாக நிற்கும். பள்ளங்களில் மட்டும் வெளிர் மண் படிந்து எழுத்தை எடுப்பாகக் காட்டினால் விலை கூடும். அந்த மண்ணைத் துடைத்துவிடாதீர்கள். ஆனால் இதைப் பொய்யாகவும் செய்கிறார்கள், கீழே சொல்கிறோம்.

திட்டுத்திட்டாகப் பச்சையும் சிவப்புமாக இருந்தால் நடுத்தரம். சிவப்பு தெரியும் இடத்தில் மேலடுக்கு உதிர்ந்து குப்ரைட் என்ற ஆக்சைடு அடுக்கு வெளியே வந்திருக்கிறது. கரடுமுரடாக, அம்மைத்தழும்புபோல் குழிவிழுந்திருந்தால் கீழ்த்தரம். ஆற்றுக் காசு தனி இனம். கரூர் அமராவதி மணலில் உருண்டு கிடந்தவற்றில் தடித்த களிம்பு சேர வாய்ப்பில்லை. மணல் அரைத்துப் பழுப்பாக, விளிம்பு மழுங்கி இருக்கும். அதைச் சுரண்டிய காசு என்று தள்ளிவிடக் கூடாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நம் வறண்ட நிலங்களில் கிடந்தவற்றின்மேல் வெள்ளைக் கட்டி ஒட்டியிருக்கும். வாலைநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) பல நாள் ஊறவைத்து மரக்குச்சியால் மெல்ல நெம்பினால் வருவது வரட்டும். வராததை எலுமிச்சை போட்டு எடுக்காதீர்கள். சுண்ணாம்பு கரையும்போது பட்டினாவும் கூடவே போகும்.

வெண்கல நோய்: தள்ளிப்போட முடியாத ஒன்று

வெளிர்பச்சையாக, மாவுபோல், புள்ளிபுள்ளியாகப் பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மரக்குச்சியால் தொட்டதும் பொடியாக வந்து அடியில் குழி தெரிந்தால் அது வெண்கல நோய். நல்ல பச்சைக் களிம்பு கெட்டியாக இருக்கும், குச்சிக்கு அசையாது.

உள்ளே குப்ரஸ் குளோரைடு இருக்கிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது பச்சைப் பொடியாக மாறுகிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி நடப்பதால் தானாக நிற்காது. குளோரைடுதான் விதை என்பதால், சாய உப்பு கலந்த தண்ணீர் ஓடிய நொய்யல் பக்கத்துக் காசுகளைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பது நல்லது.

உறுதிசெய்ய: மூடி இறுகிய சிறு டப்பாவில் ஈரப் பஞ்சை ஒரு மூலையில் வைத்து, அதைத் தொடாமல் காசை வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் புதிதாக வெளிர்பச்சை பூத்தால் நோய் உயிரோடு இருக்கிறது. பார்த்ததும் வெளியே எடுத்து உலர்த்திவிடுங்கள்.

மருந்து இப்படி. குச்சியால் பொடியை முழுவதும் எடுங்கள். ஒரு லிட்டர் வாலைநீரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 23 கிராமும் சோடியம் பைகார்பனேட் (ஆப்ப சோடா) 19 கிராமும் கரைத்தால் ஐந்து சதவீத செஸ்கிகார்பனேட் கரைசல் கிடைக்கும். கார்பனேட்டைக் கெமிக்கல் கடையில் தூயதாக வாங்குங்கள், சலவைத்தூளில் வேறு சேர்மானங்கள் இருக்கும். வாலைநீருக்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். பக்கத்திலேயே வைத்திருக்கும் ஆசிட் கேனைத் தவறி எடுத்துவிடாதீர்கள். குழாய்த் தண்ணீர், ஆழ்துளைத் தண்ணீர் இரண்டும் ஆகாது, அவற்றிலேயே குளோரைடு உண்டு.

காசைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊறவைத்து வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். பட்டினாவின் நிறம் சற்று நீலமாகத் திரும்பும் அபாயம் உண்டு. அதனால்தான் நோயில்லாத காசை இதில் போடக்கூடாது. முடிந்ததும் வாலைநீரில் பலமுறை மாற்றி மாற்றி ஊறவைத்து, அசிட்டோனில் முக்கி எடுத்து, மேசை விளக்கின் சூட்டில் நன்றாக உலர்த்துங்கள். மறுபடி ஈர டப்பாச் சோதனை. தேறினால் நுண்படிக மெழுகு மெல்லிய பூச்சாக ஒன்று. பென்சோடிரையசோல் என்ற தடுப்பு மருந்தும் உண்டு. அது நச்சு, அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் கையில் இருப்பதே முறை. அரிய சங்ககாலக் காசு என்றால் தொடக்கத்திலேயே அவரிடம் போங்கள்.

நோய் ஆறிய காசில் குழிகள் நிற்கும். விற்கும்போது சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்ற காசு வாங்கியவரின் ஆல்பத்தில் பூக்கத் தொடங்கினால், அடுத்து உங்களிடம் ஒருவரும் வாங்கமாட்டார்.

வெள்ளி, பொன், ஈயம்

வெள்ளியில் கருமையோ சாம்பல் நிறமோ கந்தகத்தால் வருவது. சீராக இருந்தால் நல்ல பட்டினா, விடுங்கள். அலுமினியத் தாளும் சோடாவும் போட்டு வெந்நீரில் வெளுக்கும் முறையைச் சமையலறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காசு உயிரற்ற வெள்ளையாகிவிடும், பழகியவர் கண்ணுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். மெழுகுபோன்ற சாம்பல் ஊதா மேலோடு கொம்பு வெள்ளி எனப்படும் வெள்ளிக் குளோரைடு. அதை எடுத்தால் அடியில் குழிதான் மிஞ்சும். வெள்ளிக் காசில் பச்சை எட்டிப் பார்த்தால் கலப்பு வெள்ளி. வெடிப்பிலோ விளிம்பிலோ மட்டும் குவிந்து பார்த்தால் செம்பின்மேல் வெள்ளித்தோல் போர்த்திய காசாக இருக்கலாம்.

பொன்னுக்குக் களிம்பில்லை. செம்மண் பூச்சுபோல் சிவந்திருந்தால் அது அழகு, விலையைக் கூட்டும். அரை கிராமுக்கும் குறைந்த வீரராயன் பணம் என்ற சிறு பொற்காசில் வளைவும் பற்றாசும்தான் பார்க்கவேண்டியவை. வளைந்ததை நிமிர்த்தாதீர்கள்.

ஈயக் காசில் வெள்ளைப் பொடி பூத்தால் அது அமில ஆவியின் வேலை. ப்ளைவுட், எம்டிஎஃப் பெட்டியிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். பொடி நச்சு, கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

பொய்ப் பட்டினா

கழுவிக் கெடுத்த காசுக்கும் புதிதாய் வார்த்த போலிக்கும் பழமை ஏற்ற அமோனியா ஆவி, கந்தகக் கரைசல், உர மூட்டை, ஷூ பாலிஷ், வெறும் பெயிண்ட் என்று பல வழி. அசிட்டோன் தோய்த்த பட்ஸால் விளிம்பில் துடைத்தால் பெயிண்டும் பாலிஷும் நிறம்விட்டு ஒட்டிக்கொள்ளும். உண்மைக் களிம்பு அசையாது. ஆவியில் வந்த நிறத்தை அசிட்டோன் காட்டாது. அங்கே கண்தான் கருவி. உண்மையான பட்டினாவுக்கு அடுக்கு உண்டு, உதிர்ந்த இடத்தில் சிவப்புத் தெரியும். பொய்க்கு ஒரே நிறம், உதிர்ந்த இடத்தில் பளிச்சென்ற செம்பு. பள்ளத்தில் வைத்த மண் விரல் ஈரத்துக்கே கரைந்து வந்தால் ஒட்டவைத்தது.

செதுக்கிய காசையும் கவனியுங்கள். தேய்ந்த எழுத்தை உளிகொண்டு புதுப்பித்திருப்பார்கள். எழுத்தைச் சுற்றிய தளம் மட்டும் தாழ்ந்து, கத்தித்தடம் இணையாக ஓடும். மாக்கோதை, குட்டுவன் கோதை போன்று பெயர் பொறித்த சேரர் காசுகளில் எழுத்துதான் விலையின் பாதிக்கு மேல் என்பதால், தமிழி (தமிழ் பிராமி) எழுத்தின் ஒவ்வொரு கோட்டையும் லூப்பில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

விலை போடும்போது

ஒரே காயம் எல்லாக் காசிலும் ஒரே விலையைக் குறைப்பதில்லை. இராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஏராளமாகக் கிடைக்கிறது. நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தும் தெளிவாக, நல்ல பட்டினாவோடு இருப்பதை எவரும் தேடி எடுக்கலாம். ஆகவே தேய்ந்ததுக்கும் குழிவிழுந்ததுக்கும் ஏறக்குறைய ஒன்றும் தரமாட்டார்கள். இதே வடிவத்தை இலங்கை அரசர்களும் பின்பற்றி வெளியிட்டார்கள். தடித்த களிம்பு எழுத்தை மூடியிருந்தால் எது யாருடையது என்பதே குழம்பும். திப்பு சுல்தானின் யானைக் காசு 1799 வரை இந்தப் பக்கம் புழங்கியது. அதில் ஆண்டும் அச்சுக்கூடப் பெயரும் படிக்க முடிகிறதா என்பதே முதல் கேள்வி. யானையின் முதுகில் ஒரு கீறல் பொறுக்கத்தக்கது, ஆண்டை அழித்த கீறல் பொறுக்கத்தக்கது அல்ல. அரிய சேரர் காசு என்றால் தலைகீழ். விளிம்பு உடைந்தும் களிம்பு கரடாகவும் இருந்தாலும் பெயரின் நான்கெழுத்து நின்றால் வாங்க ஆளிருக்கும்.

அதனால் வரிசை இது: காசு எது, எவ்வளவு அரிது, அடையாளம் சொல்லும் இடம் தப்பியிருக்கிறதா, மேற்பரப்பு இயல்பானதா, கைபட்டதா, நோய் உண்டா. இதைத் தலைகீழாகப் போட்டு, பளபளப்பிலிருந்து தொடங்கினால் விலை தவறும்.

வைப்பு

ரெக்சின் வாசனை வீசும் மெத்தென்ற பிவிசி உறைகளைத் தூக்கிப் போடுங்கள். அவை விடும் அமிலமும் எண்ணெயும் காசின்மேல் பச்சைப் பிசினாக நிற்கும். ஏற்கெனவே பிசின் இருந்தால் அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். பாலியெஸ்டர் சன்னல் வைத்த அட்டை உறை நல்லது. ஸ்டேப்பிள் முனைகளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பொள்ளாச்சி, கோவைப் பக்கமும், ஐப்பசி கார்த்திகை மழையில் கரூர், ஈரோடு பக்கமும் ஈரம் ஏறும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, சிறிய ஈரமானி வைத்து 35 சதவீதத்துக்குக் கீழே நிறுத்துங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்றி மறுபடி போடலாம். பூஜைப் பெட்டியில் இருக்கும் காசுக்கு மஞ்சள், குங்குமம், எண்ணெய் படாமல் உறை போட்டு வையுங்கள்.

ஒவ்வொரு உறையிலும் ஒரு சீட்டு: வகை, எடை, கிடைத்த ஊர் அல்லது வாங்கிய நாள், கண்ட காயங்கள், செய்த சிகிச்சை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து செப்புக் காசுகளை மட்டுமாவது லூப்பில் பார்த்து, பார்த்த தேதியை அதே சீட்டில் எழுதுங்கள்.